அர்டுயினோவில் பிஎம்இ280 (வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் அளக்கும் சென்சார்) மாட்டினால் 'சென்சார் இல்லை' என்றே வருகிறது. எங்கே தப்பு?

இதற்குள் ஒயரை நாலு தடவை பிடுங்கி மாட்டியிருப்பீர்கள், லைப்ரரியை அழித்து மறுபடி ஏற்றியிருப்பீர்கள். நானும் மூன்று ராத்திரி அதைத்தான் செய்தேன்.

முதலில் ஐ2சி ஸ்கேனர் கோடை ஓட்டுங்கள்; ரெண்டு ஒயரில் பேசும் ஐ2சி இணைப்பில் எந்த முகவரியில் சிப் இருக்கிறது என்று அது சொல்லும். ஊனோ போர்டு என்றால் எஸ்டிஏ (டேட்டா ஒயர்) ஏ4-இல், எஸ்சிஎல் (கிளாக் ஒயர்) ஏ5-இல். ஹெக்ஸ் (16 அடிமான எண்) 76 அல்லது 77 என்று முகவரி வந்தால் ஒயர் சரி. நிறைய மாட்யூல்களில், முகவரியைத் தீர்மானிக்கும் எஸ்டிஓ கால் கிரவுண்டோடு சேர்ந்திருக்கும், அதனால் 76. லைப்ரரி 77-ஐத் தேடிக்கொண்டிருந்தால் எங்கிருந்து கிடைக்கும்? கோடில் முகவரியை நீங்களே கொடுங்கள்.

என் கதை வேறு. முகவரி ஒரு தடவை வரும், அடுத்த தடவை வராது. மாட்யூலைக் கட்டைவிரலால் அழுத்தினால் வரும், விட்டால் போய்விடும். பின் வரிசையைச் சால்டர் வைக்காமல் ஓட்டையில் சும்மா செருகியிருந்தேன்! சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், பார்வைக்கு அது மாட்டிய மாதிரிதான் இருக்கும்.

சால்டர் வைத்தேன். 76 ஆடாமல் அசையாமல் நின்றது. ஆனாலும் அதே 'சென்சார் இல்லை'. கடைசியில், சிப் தன் அடையாள எண்ணை வைத்திருக்கும் ஹெக்ஸ் டி0 ரெஜிஸ்டரைப் படித்தேன். பிஎம்இ280 என்றால் ஹெக்ஸ் 60 வரவேண்டும். எனக்கு வந்தது 58. அதாவது பிஎம்பி280. அழுத்தமும் வெப்பமும் சொல்லும், ஈரப்பதம் சொல்லாது. அப்புறம்தான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: பிஎம்இ சிப் சதுரம், 2.5 மில்லிமீட்டருக்கு 2.5. என்னுடையது ஒரு பக்கம் 2 தான். விற்றவர் பக்கத்தில் கொட்டை எழுத்தில் பிஎம்இ என்றுதான் போட்டிருந்தது.

'லாஜிக் அனலைசர் வைத்திருந்தால் அஞ்சு நிமிஷ வேலை' என்று யாராவது வருவார்கள். சிக்னலைப் பதிவு செய்து காட்டும் அந்தக் கருவி இருந்தால் வைக்கமாட்டேனா? மல்டிமீட்டர் போதும். பேச்சு நடக்காதபோது எஸ்டிஏ, எஸ்சிஎல் ரெண்டிலும் சப்ளை வோல்ட்டேஜ் நிற்கவேண்டும். இல்லையென்றால் 4.7 கிலோ ஓம் புல்-அப் (ஒயரைச் சப்ளையோடு சேர்க்கும் ரெசிஸ்டர்) ரெண்டு போட்டுப் பாருங்கள். வோல்ட்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாத மாட்யூலுக்கு 3.3 வோல்ட்தான், 5 கொடுத்துவிடாதீர்கள்.

சால்டரிங் அயர்ன் வாங்கியதை மட்டும் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு பின் வரிசை ஒட்டியதற்கு என் மேஜையில் இப்போது ஏழு செத்த சார்ஜர்கள். 'நீதான் எலக்ட்ரானிக்ஸ் பண்றியே' என்கிறார்கள்.

சென்சாருக்கு வருவோம். பிஎம்பி280 லைப்ரரிக்கு மாற்றியதும் அன்றைக்கே பேசியது. திரையில் ஈரப்பதத்துக்கு வைத்திருந்த கட்டத்தை எடுத்துவிட்டேன்.