காய்ச்சல் விட்ட பிறகும் வலி சிலரை மட்டும் விடாதது ஏன்?

வைரஸ் காய்ச்சல் குணமான பிறகும் சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் வலியும் அசதியும் நீடிப்பது எதனால் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. சிக்குன்குனியாவுக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு வலியோடு இருந்த அம்மாவைக் கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையிலும், அதன் காரணத்தைத் தேடிப் படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

2006-ஆம் ஆண்டு தமிழகத்தில் அந்தக் காய்ச்சல் பரவியபோது, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் ஒரே வாரத்தில் படுத்தோம். 24 வயதான நான் மூன்று வாரத்தில் சைக்கிள் மிதிக்கத் தொடங்கிவிட்டேன். 53 வயதான அம்மாவோ காலையில் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். துவைத்த புடவையைப் பிழிய விரல் மடங்காததால், தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே கொடியில் போடுவார். வெயில் ஏறிய பிறகுதான் கை வசப்படும். "காய்ச்சல்தான் விட்டுப் போச்சே, இன்னும் என்ன?" என்று கேட்காத உறவினர் இல்லை. அந்தக் கேள்விதான் வலியைவிட அவரை வாட்டியது.

சிக்குன்குனியா கிருமி ஒரு வாரத்துக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஆனால் மூட்டின் உட்சவ்வில் உள்ள நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் அதன் எச்சங்கள் பல மாதம் கழித்தும் காணப்பட்டிருக்கின்றன. அவற்றோடு உடல் தொடர்ந்து போராடுவதே வீக்கம் அடங்காததற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நாற்பதைக் கடந்த வயது, பெண்ணாக இருத்தல், ஏற்கெனவே உள்ள மூட்டுத் தேய்மானம், சர்க்கரை நோய், இவற்றோடு முதல் சில நாள்களில் நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது ஆகியவை வலி நீடிக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அம்மாவுக்கு இவற்றில் எதுவுமே குறையவில்லை.

அசதியின் கதை சற்று வேறு. ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேருக்கு அசதி முதலிய தொல்லைகள் நீடித்தன. அவர்களைப் பாதித்த மூன்று கிருமிகளில் ஒன்று சிக்குன்குனியாவின் உறவுக் கிருமியான ராஸ் ரிவர் வைரஸ். அங்கே அசதியை முன்கூட்டிச் சொன்னது நோயாளியின் வயதோ மனநிலையோ அல்ல, முதலில் நோய் தாக்கிய கடுமையே. இதைப் படித்த அன்று அம்மாவின் உறவினர் ஒவ்வொருவரிடமும் படித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. கொரோனாவுக்குப் பின் அசதியால் அவதிப்படுவோரிடமும், உடம்பு தேறுவதற்குள் இழுத்துப் போட்டு வேலை செய்தால் மறுநாள் இன்னும் மோசமாவது பலருக்கு நேர்கிறது.

நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் அம்மாவின் வலி இரண்டே நாளில் பறந்தது. நிறுத்தியதும் முன்னைவிட வேகமாகத் திரும்பியது, சர்க்கரையும் எகிறியது. அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் அளவு பார்த்துத் தராமல் அதைத் தொடாதீர்கள்.

மூன்று மாதம் கடந்தும் காலை விறைப்பு அரைமணி, ஒருமணி என்று நீடித்தால் மூட்டுநோய் மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மரில் அதற்கான நோயெதிர்ப்பியல் துறை இருக்கிறது. முதல் வாரத்தில் எந்தெந்த மூட்டு வீங்கியது, இதுவரை என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.