ராசியில்லாத அணி

கேள்வி: கோஸ்டா ரிக்கா கால்பந்து லீக்கில் ஒரே சீசனில் இரண்டு சாம்பியன்கள் வருகிறார்களாமே, அது எப்படி? 2022இல் கார்தஹினேஸ் என்ற ராசியில்லாத அணி கோப்பை வாங்கியதுகூட இந்த இரட்டைக் கணக்கின் தயவால்தானா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: சாம்பியன் கணக்கைப் பிறகு சொல்கிறேன். 'ராசியில்லாத' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கும் அந்தச் சொல்லுக்கும் பழைய பகை. என் பெரியம்மா இருபத்தாறு வயதில் கணவரை இழந்தவர். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்துவிடுவார். பின்கட்டில் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்தால் மூட்டைக் காயும் நறுக்கி முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்துக் கதவுவரை வருவார். அங்கேயே நின்றுவிடுவார். தான் தூக்கி வளர்த்த பிள்ளைகளுக்குத் தாலி ஏறியதைக்கூட அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தார். யாரும் கையை நீட்டி அவரைத் தடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அதனால்தான் ஒரு மனிதர் மேலோ, ஒரு கடை மேலோ, பந்து ஆடும் பதினோரு பேர் மேலோ அந்த முத்திரை விழும்போது எனக்குக் கோபம் வருகிறது.

சரி, கார்தஹினேஸ். 1906இல் தொடங்கிய கிளப். ஊர், மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவின் கார்தாகோ. ஸ்பானியர் ஆட்சியில் நாட்டின் தலைநகரம் அதுதான். 1823இல் அந்தப் பெருமை சான் ஹொசேக்குப் போனது. 1910 மே மாதம் வந்த நிலநடுக்கத்தில் ஊரே தரைமட்டம். ஊர் நடுவே கட்டிக்கொண்டிருந்த பெரிய தேவாலயம் பாதியில் நின்றது, அப்புறம் முடிக்கப்படவே இல்லை. கூரை இல்லாத கற்சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன, உள்ளே செடிகொடிகள். பக்கத்தில் இராசூ எரிமலை. பனிமூட்டம் அடிக்கடி இறங்கும் ஊர் என்பதால் அணிக்கே 'பனிமூட்டக்காரர்கள்' என்று செல்லப்பெயர்.

இந்த அணி 1923இல் சாம்பியன். 1936இல் மறுபடியும். 1940இல் மூன்றாவது முறை. அதற்கப்புறம் 2022 வரை ஒன்றுமே இல்லை. எண்பது ஆண்டுகளுக்கும் மேலான வறட்சி.

இவ்வளவு காலம் ஒரு ஊர் தோற்றுக்கொண்டிருந்தால் கதை பிறக்காமல் இருக்குமா? 1940இல் ஜெயித்த பையன்கள் குதிரையில் ஏறி அப்படியே மாதா கோவிலுக்குள் நுழைந்தார்களாம். பாதிரியார் கோபத்தில் சபித்துவிட்டாராம். இன்னொரு கதை, மைதானத்து மண்ணுக்கு அடியில் யாரோ ஒரு பொம்மையைப் புதைத்து வைத்திருப்பதாக. அந்தப் பொம்மை கிடக்கிறவரை கோப்பை கிடையாது என்று பேரன்களிடம் சொல்லிச் சொல்லியே தாத்தாக்கள் காலம் போனது.

அந்த ஊரில் இன்னொரு பொம்மையும் இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. 1635இல் விறகு பொறுக்கப் போன ஹுவானா பெரேய்ரா என்ற ஏழைப் பெண் ஒரு பாறை மேல் சின்னக் கல் பொம்மை ஒன்றைப் பார்க்கிறாள். கறுப்புக் கல், ஒரு சாண் உயரம் இருக்கும். விளையாட வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். மறுநாள் பார்த்தால் பொம்மை மீண்டும் அதே பாறையில். மறுபடி எடுத்துப் போனாலும் அங்கேயே திரும்பி வந்துவிடுகிறது. அந்த இடத்திலேயே எழுந்ததுதான் குதிரைக் கதையில் வரும் மாதா கோவில். 'லா நெக்ரித்தா' என்று, கறுப்புக் குழந்தை என்று, கொஞ்சிக் கூப்பிடுகிறார்கள். நாட்டுக்கே காவல் தெய்வம் அவள்தான். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 2ஆம் தேதியை ஒட்டி லட்சக்கணக்கானவர்கள் நடந்தே வருகிறார்கள், சான் ஹொசேயிலிருந்து மட்டும் இருபது கிலோமீட்டருக்கு மேல். கோவில் வாசலுக்கு வந்ததும் பலர் முழங்காலிடுவார்கள். வாசலிலிருந்து பீடம்வரை அந்த நீண்ட தரையை முழங்காலிலேயே கடப்பார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

இப்போது நீங்களே சொல்லுங்கள். விறகு பொறுக்க வந்த பெண்ணின் கைக்குத் தானாக வந்து சேர்ந்த தாய், குதிரையில் வந்த நாலு பையன்களுக்காக ஓர் ஊரை மூன்று தலைமுறைக்குத் தண்டிப்பாளா? பக்தி உள்ளவர்கள்தான் இந்தச் சாபக் கதையை முதலில் மறுத்திருக்க வேண்டும்.

காரணம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைத் தேட மந்திரவாதி வேண்டாம். 1935இல் சான் ஹொசேயில் தொடங்கிய சப்ரிஸா என்ற கிளப், 1949இல் முதல் டிவிஷனுக்கு வந்தது. 1952இல் முதல் பட்டம். 1972 தொடங்கி 1977 வரை வரிசையாக ஆறு. 2024இல் நாற்பதைத் தொட்டுவிட்டது. அலஹுவெலென்சேயும் எரேதியானோவும் அதற்கு அடுத்த பெரிய அணிகள். பணமும் ரசிகர்களும் இந்த மூன்று இடங்களில் குவிந்தால், நல்ல ஆட்டக்காரன் கார்தாகோவில் பிறந்தாலும் எங்கே போவான்? அதைப் பேசாமல் மண்ணுக்கடியில் பொம்மையைத் தேடுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

அதே மத்திய அமெரிக்காவைப் பற்றி இன்னொரு பொய்யையும் நான் இங்கே பலமுறை மறுத்திருக்கிறேன், இன்னொரு முறையும் மறுக்கிறேன். 1969 ஜூலையில் ஹோண்டுராஸும் எல் சால்வடோரும் நூறு மணி நேரம் மோதின. உலகம் முழுக்க அதற்குக் 'கால்பந்துப் போர்' என்று பெயர். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அந்த இரு நாடுகளும் அதற்கு முந்தைய மாதம் மூன்று முறை ஆடின, கலவரம் நடந்தது, எல்லாம் உண்மை. ஆனால் தங்கள் நாட்டில் உழ நிலமில்லாமல் ஹோண்டுராஸுக்குப் போய்க் குடியேறிய சால்வடோர்காரர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். நிலச் சீர்திருத்தம் என்ற பெயரில் அவர்களைக் காலிசெய்யத் தொடங்கியதுதான் சண்டையின் வேர். சில பத்துக் குடும்பங்களின் கையில் நிலம் முடங்கிக் கிடந்ததைப் பேசாமல், பாவம், பந்தின் மேல் பழியைப் போட்டார்கள். அங்கே பந்து, கார்தாகோவில் பொம்மை.

கார்தஹினேஸ் அந்த எண்பது ஆண்டுகளும் சும்மா இருக்கவும் இல்லை. 1994ஆம் ஆண்டுக்கான கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பையை வென்றார்கள். வட, மத்திய அமெரிக்காவும் கரீபியனும் சேர்ந்த கண்டக் கோப்பை அது. இறுதி ஆட்டத்தில் மெக்ஸிகோவின் அட்லாண்டேயை 3-2 என்று வீழ்த்தினார்கள். கண்டத்துக்கே சாம்பியன், சொந்த நாட்டில் பட்டம் இல்லை! 2013இல் நாட்டு லீக்கின் இறுதிவரை வந்து எரேதியானோவிடம் பெனால்டியில் தோற்றார்கள். பெனால்டி போடும் இடத்தில் நிற்கிறவனின் கால், முதுகுக்குப் பின்னால் எழுபது வருஷக் கதையைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ராசியில்லை என்று சொல்லிச் சொல்லி அந்தச் சுமையை ஏற்றியது யார்?

இனி உங்கள் கேள்வி. கோஸ்டா ரிக்காவில் 2007 முதல் ஒவ்வொரு சீசனும் இரண்டு தனித்தனிப் போட்டிகள், இரண்டுக்கும் தனித்தனிப் பட்டம். முதலில் அவற்றுக்குக் குளிர்காலம், கோடைக்காலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே குளிர்காலம் என்றால் மழைக்காலம், கோடை என்றால் மழை இல்லாத மாதங்கள். பிறகு பெயர்கள் அப்பெர்தூரா, கிளவுசூரா என்று மாறின. திறப்பு, அடைப்பு என்று பொருள். நடைதிறப்பு, நடைசாத்தல் என்று நான் மனதுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். ஒவ்வொன்றிலும் அணிகள் தங்களுக்குள் ஆடி முடித்ததும் முதல் நான்கு இடங்களில் உள்ளவை அரையிறுதிக்குப் போகும். புள்ளிப்பட்டியலில் முதலில் வந்த அணி அந்த நாக் அவுட்டில் தோற்றால், நாக் அவுட்டை வென்ற அணியோடு இன்னொரு பெரிய இறுதி உண்டு. லீக் என்றால் புள்ளிப்பட்டியல்தான், மற்றதெல்லாம் குறுக்குவழி என்று என்னோடு வருஷக்கணக்கில் சண்டை போடும் நண்பர்கள் இந்த விதியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நீண்ட உழைப்புக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஏற்பாடு வேறு எங்கும் நான் அதிகம் பார்த்ததில்லை.

இரட்டைக் கணக்கின் தயவா என்று கேட்டீர்கள். 2007 குளிர்காலப் போட்டியிலிருந்து 2021 அப்பெர்தூராவரை எண்ணினால் இருபத்தொன்பது போட்டிகள். கார்தஹினேஸுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தயவு என்பது இப்படியா இருக்கும்? 2021-22 சீசனின் முதல் பாதிப் பட்டம் எரேதியானோவுக்குப் போனது. இரண்டாம் பாதியின் இறுதியில் கார்தஹினேஸ் சந்தித்தது அலஹுவெலென்சேயை. கடைசி ஆட்டம் எதிராளியின் வீட்டில், 1930களில் பார்சிலோனாவுக்கு ஆடப் போன அலெஹாந்திரோ மொரேரா சோத்தோவின் பெயர் தாங்கிய மைதானத்தில். 2022 ஜூலை மாத இரவில் அங்கே கோப்பையைத் தூக்கினார்கள். பயிற்சியாளர் ஹெய்னர் செகூரா.

1940இல் பத்து வயதுப் பையனாக அந்த வெற்றியைப் பார்த்தவருக்கு 2022இல் 92 வயது. நடுவில் பிறந்து, ஒவ்வொரு ஞாயிறும் நீலவெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய், ஒரு பட்டத்தையும் பார்க்காமலே செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை ராசியில்லாதவர்கள் என்று என்னால் எழுத முடியாது. என் பெரியம்மாவுக்குப் பந்து விளையாட்டு ஒன்றும் தெரியாது. இன்று இருந்திருந்தால், காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கார்தாகோ கதையை முழுசாகச் சொல்லியிருப்பேன்.