விழா பந்தோபஸ்து, குண்டு பயம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்

32 வருஷம் போலீஸ் வேல, அதுல கடைசி 11 வருஷம் வெடிகுண்டு கண்டுபிடிக்க பிரிவு. இப்ப ரிட்டயர்ட், நாகர்கோவில்ல வீடு. குடியரசு தினம் வருது, பின்னாலயே மண்டைக்காடு கோயில் கொடை விழா, கட்சிக் கூட்டம்னு வரிசையா இருக்கு, நெறைய பேரு பயந்துபோய் கேக்குதாவ, அதான் ஒண்ணா பதில் போடுதேன்.

தக்கலை அக்கா: பையன் என்.சி.சி, 26ஆம் தேதி அண்ணா ஸ்டேடியத்துல பரேடு. டிவிய பாத்துப் பாத்து நெஞ்சு படபடங்குது, அனுப்பலாமா அண்ணாச்சி?

அனுப்புங்க. முந்தின நாளே மேடைக்கு அடியில, சாக்கடை மூடி, பூச்சட்டி, மைக் பெட்டி எல்லாம் பாத்திருவாவ, கொடிக்குள்ள மடிச்சு வைக்க பூவைக்கூட நான் பிரிச்சு பாத்திருக்கேன். மோப்ப நாய் வாசனை பிடிச்சா குலைக்காது, அந்த இடத்துல அப்படியே உக்காந்திரும், சத்தமில்லாம. பையன் பை கொண்டு போவாண்டாம், அது மட்டும் சொல்லி விடுங்க.

குழித்துறை தம்பி: பொன்னாடை போட போன எங்க ஒன்றியச் செயலாளரையே தடவிப் பாத்து, துண்டை உதறிப் பாத்து அவமானப்படுத்திட்டாவ. சொந்தக் கட்சிக்காரன் மேலயே சந்தேகமா?

தம்பி, கோவப்படாம கேளு. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். சந்தன மாலையோட வந்த பொண்ண ஒரு பெண் போலீஸ் தடுத்தாங்க. ராஜீவ் காந்தியே எல்லாரும் வரட்டும், விடுங்கன்னு சொன்னாரு. அந்தப் பொண்ணு கால தொட குனிஞ்சா, இடுப்புல கட்டுன குண்டு வெடிச்சுது, அவரோட நிறைய பேரு, அதுல போலீஸ்காரங்களும், செத்தாங்க. பாதுகாப்புல எங்க ஓட்டை விழுந்துச்சுன்னு விசாரிக்க நீதிபதி வர்மா கமிஷனே போட்டாங்க. மேடைக்கு முன்னால காலியா ஒரு இடம் விட்டு கம்பு கட்டியிருக்கும் பாத்தியா, அங்க யாரு வரணும்னு லிஸ்ட் இருக்கும், லிஸ்ட்ல உள்ளவரையும் தடவித்தான் விடணும். தலைவரு "விடுங்கய்யா"ன்னு சொன்னாலும் விடக்கூடாது, அந்த ஒரு நிமிஷம் மனசு இளகுனதுக்கு என்ன விலை குடுத்தோம்னு நமக்குத் தெரியும். உங்க செயலாளர தடவுன அந்தப் போலீஸ்காரர் தன் வேலைய ஒழுங்கா செஞ்சாருன்னுதான் நான் சொல்லுவேன்.

களியக்காவிளைக்காரர்: அப்ப மேடைகிட்ட இருந்தாத்தான் ஆபத்தா?

அப்படி இல்ல. 1998 பிப்ரவரி 14, கோயம்புத்தூர்ல அத்வானி கூட்டம், ஆனா குண்டு வெடிச்சது ஊரு முழுக்க பல இடத்துல, 58 பேரு போனாங்க. உங்க ஊர்லயே 2020 ஜனவரி 8 ராத்திரி செக்போஸ்ட் டூட்டில இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் சார ரெண்டு பேரு சுட்டுக் கொன்னானுவ. அங்க விழாவும் இல்ல, கூட்டமும் இல்ல. காவல் எங்க மெலிஞ்சிருக்கோ அங்கதான் அடிக்கானுவ, அதனால கூட்டம் கலையுற நேரமும் பார்க்கிங்கும்தான் எனக்கு எப்பவும் வயித்தக் கலக்கும்.

மார்த்தாண்டம், மக அமெரிக்காவுல: அங்க 2021ல பைடன் பதவியேற்புக்கு அவ்வளவு பட்டாளம் எதுக்கு நிப்பாட்டுனாங்க?

2021 ஜனவரி 6 அமெரிக்க பார்லிமென்ட் கட்டடத்துக்குள்ளயே கூட்டம் புகுந்துட்டு, அதனால 20ஆம் தேதிக்கு சுமார் 25,000 தேசியக் காவல் படை வீரர்கள இறக்குனாங்க. அந்த வீரர்களோட பின்னணியையே விசாரிச்சு 12 பேர டூட்டில இருந்து எடுத்தாங்க, பலருக்கு காரணம் தீவிரவாதம் இல்ல, வேற விஷயம். காவலுக்கு நிக்கவனையும் விசாரிக்கணும்ங்கது நம்மளும் படிக்க வேண்டிய பாடம்.

சின்னமுட்டம் மீனவர்: வி.ஐ.பி வந்தா எங்கள கடலுக்கு போவாதன்னு சொல்லுதாவ, வயித்துப்பாட்டுக்கு என்ன செய்ய?

உங்க கோவம் நியாயம். விவேகானந்தர் பாறைய சுத்தி கடல்தான், அங்க வேலி போட முடியாது, அதனால தடை போடுதாவ. ஆனா முன்கூட்டியே தேதி சொல்லணும், இழப்புக்கு வழி பண்ணணும்னு நான் டூட்டில இருக்கும்போதே பேசியிருக்கேன். புது படகு தெரிஞ்சா மொதல்ல கண்டுபிடிக்கது நீங்கதான், கடலோரப் பாதுகாப்பு போலீஸ் நம்பர் 1093க்கு அடிங்க.

கொட்டாரம் தம்பி: தீவிரவாதிய பாத்தா எப்படி கண்டுபிடிக்க? தாடி, டிரெஸ்ஸு...

அந்த எண்ணத்த விட்டிரு மக்ளே. நார்வேல 2011 ஜூலை 22 அன்னைக்கு 77 பேர கொன்னவன் உட்டோயா தீவுக்கு போலீஸ் யூனிஃபார்ம்ல போனான். ஜப்பான்ல 2022ல ஷின்சோ அபேய சுட்டவன் முன்னாள் கடற்படைக்காரன், வீட்டுல செஞ்ச துப்பாக்கியோட பின்னால இருந்து வந்தான். ஆள் முகத்த பாக்காத, கைய பாரு, வெயில்ல தடிச்ச சட்டையா, ஒரே இடத்துல சுத்திச் சுத்தி வாரானா, பைய வச்சிட்டு நகருதானான்னு பாரு. மதத்த பாத்து ஆள ஒதுக்குனா என்ன ஆவும்னு 1982 மண்டைக்காடு கலவரத்த பாத்த தலைமுறைகிட்ட கேளு, துப்பாக்கிச்சூடு வரை போச்சு. "அங்க குண்டாம்"னு வாட்ஸ்அப் வந்தா ஃபார்வேர்டு பண்ணாத, கூட்டம் பதறி ஓடுனா மிதிபட்டே ஆளு சாவும், கரூர்ல 2025 செப்டம்பர் 27 நெரிசல்ல 41 பேரு செத்தாங்க, அங்க குண்டே கிடையாது.

சுசீந்திரம் பொண்ணு: பை அனாதையா கெடந்தா?

தொடாத, தள்ளி நின்னு மத்தவங்களையும் தள்ளி விடு, பக்கத்துல நின்னு போன் பேசாத, தூரமா போயி 100க்கு, இல்லன்னா 112க்கு அடி. ஒரு சுதந்திர தினத்துல ஸ்கூல் பிள்ளை ஒண்ணு ஓடி வந்து, சேருக்கு அடியில தூக்குவாளி இருக்கு மாமான்னு சொல்லிச்சு. மொத்த வரிசையையும் காலி பண்ணி, முக்கா மணி நேரம் கழிச்சு தொறந்தா புட்டும் ரெண்டு மட்டிப்பழமும், எவரோ மறந்துட்டு போனது. அந்தப் பிள்ளைக்கு எல்லாரு முன்னாலயும் எங்க இன்ஸ்பெக்டர் கை குடுத்தாரு.