ரோமானியத் தங்கக் காசு 4.4 கிராம்தான் இருக்கிறது, போலியா?

ரோமானியத் தங்கக் காசு 7 கிராம் இருக்க வேண்டுமே என்று கேட்கிறீர்கள். எடையை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். உங்களிடம் உள்ள, ரோமானியப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்துக் காசு 4.4 கிராம் இருந்தால் சரிதான்.

நீங்கள் சொல்லும் 7 கிராம் கணக்கு, அவருக்கு முந்தைய பேரரசர் நீரோ காலத்து ஆரியஸ் என்ற தங்கக் காசுக்கு. உங்களுடையது சாலிடஸ் என்ற பிற்காலத் தங்கக் காசு. பேரரசர் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்தது, ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்துக்கு 72 காசு, அதாவது ஒன்று சுமார் 4.5 கிராம்.

தங்கம்தானா என்று பார்க்க, காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வெளியே உள்ள எடையை, இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் தங்கத்தின் அடர்த்தியான 19-ஐ ஒட்டி வர வேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசு தேவை, சமையலறைத் தராசு உதவாது. அப்புறம், விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால் அது அச்சில் அடித்ததல்ல, உருக்கி ஊற்றிய வார்ப்புக் காசு, அதாவது போலி.

ஆனால் 19 வந்தாலும் தங்கம் என்றுதான் அர்த்தம். நல்ல தங்கத்திலேயே போலி அடிப்பவர்கள் உண்டு. காசைத் தேய்த்து மட்டும் பளபளப்பாக்கிவிடாதீர்கள்.