ஒரே போன், முப்பது பிள்ளைகள்: தொடக்க வகுப்பு ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

நன்னிலம் வட்டத்திலிருந்து நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர்: வகுப்பில் கேள்வி கேட்டால் ஐந்தாறு பேர்தான் கத்திப் பதில் சொல்கிறார்கள். மற்றவர்களுக்குப் புரிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. பிள்ளைகள் கையில் போனோ டேப்லெட்டோ கிடையாது. என்னிடம் மட்டும் ஒரு போன் இருக்கிறது.

உங்கள் ஒரு போன் போதும். பிளிக்கர்ஸ் என்ற ஆப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் காகிதத்தில் அச்சிட்ட ஓர் அட்டை உண்டு. அட்டை சதுரமானது. அதன் நான்கு விளிம்புகளுக்கும் ஏ, பி, சி, டி என்று பெயர். பிள்ளை தன் விடைக்குரிய விளிம்பை மேலே வைத்து அட்டையைத் தூக்கிப் பிடிக்கும். போன் கேமராவை வகுப்பின் மீது மெதுவாக ஓட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். ஒவ்வோர் அட்டையிலும் அச்சிட்ட கறுப்பு வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்புவதும் எளிதல்ல.

முதலில் அதன் இணையதளத்தில் கூகுள் கணக்கு வழியாக நுழைந்து, வகுப்பு ஒன்றைத் தொடங்கிப் பெயர்களைப் பதியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை எண் கிடைக்கும். வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே பெயர்களைப் பதிந்தால் பிள்ளைக்கும் உங்களுக்கும் எண் மறக்காது. அட்டைகளை அச்சிட்டு, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுப் பளபளத்தால் கேமராவால் படிக்க முடியாது.

அட்டையில் உள்ள ஏ, பி, சி, டி எழுத்துகள் மிகவும் சிறியவை. சின்னப் பிள்ளைகள் அவற்றைத் தேடிப் பார்த்துவிட்டு அட்டையை உங்கள் பக்கம் திருப்பும்போது தலைகீழாகிவிடும். அதனால் ஒவ்வொரு விளிம்புக்கும் நேர் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள்: ஏ விளிம்பின் பின்னால் ஒன்று, பி-க்கு இரண்டு, சி-க்கு மூன்று, டி-க்கு நான்கு. பலகையில் எழுதும் விடைகளுக்கும் அதே புள்ளிகளைப் போடுங்கள். பிள்ளை தன் பக்கம் தெரியும் புள்ளிகளைப் பார்த்து விளிம்பை மேலே வைத்தால் போதும், திருப்ப வேண்டிய வேலையே இல்லை. கலர் அடையாளத்தைவிடப் புள்ளி நல்லது, சில பிள்ளைகளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது.

ஸ்கேன் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. விரல் கறுப்புப் பகுதியை மறைத்திருக்கும், அட்டை வளைந்திருக்கும், அல்லது ஜன்னல் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கும். வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருமாறு நின்றுகொள்ளுங்கள். சிக்னல் கிடைக்காத நாளில் அட்டையை விட்டுவிட்டு விரலுக்கு மாறுங்கள்: கண்ணை மூடி, நெஞ்சோடு ஒட்டி ஒன்று முதல் நான்கு விரல் காட்டச் சொன்னால் போதும்.

இனி கேள்வி. இதில்தான் உழைப்பு இருக்கிறது. தவறான விடைகளைச் சும்மா இட்டு நிரப்பாதீர்கள், பிள்ளைகள் உண்மையில் செய்யும் தவறுகளையே விடையாக வையுங்கள். 'நானூற்று மூன்று' என்று சொல்லி 4003, 430, 43, 403 என்று கொடுத்துப் பாருங்கள். 4003-ஐத் தூக்கும் பிள்ளை காதில் விழுந்தபடி 400-ஐயும் 3-ஐயும் அடுத்தடுத்து எழுதுகிறது. 430 என்பவர்களுக்குப் பத்தாமிடமும் ஒன்றாமிடமும் குழம்புகின்றன. 43 என்பவர்களுக்குப் பூஜ்ஜியம் ஏன் வேண்டும் என்பதே புரியவில்லை. மூவருக்கும் ஒரே மாதிரி திரும்பச் சொல்லிக்கொடுத்தால் பலனில்லை. தமிழுக்கும் இதே முறைதான். 'ஆற்றில் பிடித்தது, கொல்லையில் நட்டது' என்று கேட்டு வாளை, வாழை இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ளகர ழகரக் குழப்பம் யாருக்கு என்பது நிமிடத்தில் தெரியும்.

முப்பது பேரில் இருபதுக்கு மேல் சரி என்றால் அடுத்ததற்குப் போகலாம். பத்து முதல் இருபது என்றால் சரியான விடையைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்லி, மறுபடி அட்டை தூக்கச் சொல்லுங்கள். பத்துக்கும் கீழே என்றால் பாடம் போய்ச் சேரவில்லை. குச்சிக்கட்டை எடுத்து நூறு, பத்து, ஒன்று என்று முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரு பாடவேளைக்கு மூன்று கேள்வி போதும். யார் தவறு என்ற பட்டியலை மட்டும் திரையில் காட்டவே காட்டாதீர்கள். ஒரு முறை காட்டிவிட்டால், அடுத்த நாளிலிருந்து பயந்த பிள்ளைகள் பக்கத்து அட்டையைத்தான் பார்க்கும்.

பாபநாசம் பக்கமிருந்து ஒரு தலைமை ஆசிரியர்: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மூன்று வகுப்புப் பிள்ளைகள் 24 பேர் என்னிடம் ஒன்றாக உட்காருகிறார்கள். ஒரு டேப்லெட்டைக் கொடுத்தால் சண்டைதான் மிச்சம்.

எட்டு எட்டுப் பேராக மூன்று குழு பிரியுங்கள். ஒரு குழு உங்களோடு, ஒரு குழு கைவேலையோடு (சிலேட்டு, மணிச்சட்டம், எழுத்து அட்டை), ஒரு குழு டேப்லெட்டோடு. ஒவ்வொன்றும் 15 நிமிடம், இடம் மாற 2 நிமிடம். ஆக, ஒரு சுற்றுக்கு 50 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் போதும்.

எட்டுப் பேர் ஒரு டேப்லெட்டைச் சுற்றி உட்கார்ந்தால் மூன்று பேருக்குத்தான் தெரியும். சண்டை தொடங்குவதும் அங்கேதான். நால்வர் திரையில் இருக்கட்டும், நால்வர் அதே கணக்கைச் சிலேட்டில் போடட்டும், ஏழாவது நிமிடம் மாறிக்கொள்ளட்டும். திரையில் உள்ள நால்வருக்கும் ஆளுக்கொரு வேலை: ஒருவர் தொடுபவர், ஒருவர் சத்தமாக வாசிப்பவர், ஒருவர் விடையை எழுதுபவர், ஒருவர் சரிபார்ப்பவர். மூன்று கேள்விக்கு ஒருமுறை வேலை மாறும். 'நால்வரும் சொல்லாமல் தொடுபவர் தொடக் கூடாது' என்ற ஒரு விதி, எவ்வளவு மிரட்டினாலும் வராத அமைதியைக் கொண்டுவரும்.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் ஆப் பின்னிங் என்று இருக்கும். அதைப் போட்டு, வெளியேற பின் எண் கேட்குமாறு வைத்து, பாட ஆப்பைப் பின் செய்துவிட்டால் பிள்ளைகள் பாடத்தை விட்டு வீடியோ பார்க்கப் போக முடியாது. பாடத்தை முன்பே இறக்கி வைத்து, ஏரோப்ளேன் மோடில் கொடுங்கள்.

பலர் செய்யும் ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். அரும்பு நிலையில் (எழுத்தே இன்னும் கைவராத தொடக்க நிலை) இருக்கும் பிள்ளைகளைச் சமாளிக்க முடியாமல் டேப்லெட் முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்குத் திரை உதவாது. அந்தப் பிள்ளை வாய் எப்படி அசைகிறது என்று பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும். முதல் சுற்றில், நீங்கள் களைப்படைவதற்கு முன், அரும்புக் குழு உங்களோடுதான் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் டேப்லெட்டைப் பீரோவிலேயே வைத்துவிட்டு, இடம் மாறுவதை மட்டும் பழக்குங்கள். எழுவது, எந்தப் பக்கமாகப் போவது, பொருளை எங்கே வைப்பது எல்லாம் கைவந்த பிறகு டேப்லெட்டை எடுக்கலாம். நீங்கள் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றவர்கள் வந்து இழுக்காமல் இருக்க, 'மூன்று பேரைக் கேள், அப்புறம் என்னிடம் வா' என்ற பழக்கம் நன்றாக உதவும்.

தஞ்சாவூர் ஆசிரியை: குழு வேலைக்குப் பிறகு வகுப்பை அமைதிக்குக் கொண்டுவர மேசையைத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது.

உங்கள் ஊரிலேயே மருந்து இருக்கிறது. நீங்கள் 'தகிட' என்று மூன்று தட்டு, பிள்ளைகள் 'தகதிமி' என்று நான்கு தட்டு. இரண்டும் சேர்ந்தால் ஏழு, கர்நாடக இசையில் இதற்கு மிச்ரம் என்று பெயர். தட்டி முடித்ததும் கை மடியில், கண் உங்கள் மேல். பதில் தட்டு வந்த பிறகும் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால், அவர் நிறுத்தும் வரை நீங்கள் பேசாதீர்கள். சத்தத்துக்கு நடுவே ஒருமுறை பேசிவிட்டால் அந்தச் சைகை செத்துப்போகும். இரண்டு மூன்று வாரத்தில் புதுமை போய்விடும், அப்போது ஐந்து தட்டு 'தகதகிட'வுக்கு மாறுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: 43 அங்குல டிவியில் பாடம் போட்டால் பின்வரிசைக்குத் தெரியவில்லை என்கிறார்கள்.

எழுத்து படிக்க வேண்டுமென்றால், படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் கடைசிப் பிள்ளை இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 43 அங்குல டிவியின் படம் ஏறத்தாழ 21 அங்குல உயரம். ஆறு மடங்கு என்றால் பத்தரை அடி. அதற்கு மேல் உட்கார்ந்தவருக்குப் படம் தெரியும், எழுத்து தெரியாது. பெஞ்சை ஒதுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்து முன்னால் உட்கார வையுங்கள்.

வீடியோவை முழுதாக ஓட விடாமல், விடை வரும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்திக் கேளுங்கள். நான்கு நிமிட வீடியோவுக்கு மூன்று நிறுத்தம். கேட்டதும் மனதுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே அளந்து காட்டினார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்: இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் வீட்டுப்பாட வீடியோ என்று ஒரு மணி நேரம் போனை விடுவதில்லை.

பத்து நிமிட வீடியோ ஒன்று, கூடத்தில், உங்கள் கண்ணெதிரே. முடிந்ததும் போனை வாங்கிவிட்டு, பார்த்ததை அப்பாயியிடம் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் இன்னொரு வீடியோ போடாமல், அதையே மறுபடி போடுங்கள். வாசிப்புக்கு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக உள்ளன, நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதையை அச்சிட்டுக் கையில் கொடுத்தால் திரை வேண்டியதில்லை.

வேதாரண்யம் வட்டத்திலிருந்து ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்: ஐப்பசி வந்தால் மழை, விடுமுறை, மின்தடை. டிஜிட்டல் வகுப்பு என்று எதையும் தொடர்ந்து நடத்த முடிவதில்லை.

மழையையே பாடமாக்குங்கள். இதற்கு மின்சாரம் தேவையில்லை, சார்ஜ் உள்ள டேப்லெட் போதும்.

பக்கச் சுவர் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டிலை, கழுத்துச் சரிவு முடிந்து சுவர் நேராகும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பாகத்தை மூடியில்லாமல் தலைகீழாகப் புனல் போல உள்ளே பொருத்துங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, அடிப்பாகத்தின் வளைவு மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்ஜியக் கோடு போடுங்கள். இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் மேடுபள்ளமான அடிப்பாகம் முதல் சில மில்லிமீட்டரைத் தவறாகக் காட்டும். கோட்டிலிருந்து மேலே ஸ்கேல் ஒட்டுங்கள். மரத்தடியும் கூரையோரமும் ஆகாது. திறந்த வெளியில், செங்கற்களுக்கு நடுவே செருகி, தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் விழாத உயரத்தில் வையுங்கள்.

தினமும் காலை 8.30-க்கு இரண்டு பிள்ளைகள் அளக்கட்டும். வானிலை ஆய்வு மையமும் 8.30 மணி வரையிலான 24 மணி நேர மழையைத்தான் வெளியிடுகிறது, அதனால் ஒப்பிட முடியும். காலை உணவுக்கு வரும் பிள்ளைகள் அந்நேரத்துக்குப் பள்ளியில் இருப்பார்கள். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும், நின்றபடி குனிந்து பார்த்தால் அளவு மாறும். அளந்த பிறகு கூடுதல் நீரைக் கொட்டிக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வெயிலில் வற்றியிருந்தால் கோடு வரை ஊற்ற வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் தேதி, மில்லிமீட்டர் என்று இரண்டு பத்தி. அந்த ஷீட்டை ஆஃப்லைனில் கிடைக்குமாறு வைத்தால் சிக்னல் இல்லாமலும் பதியலாம். வாரக் கடைசியில் அந்தப் பத்திகளைத் தேர்ந்தெடுத்துப் பட்டை வரைபடம் போடுங்கள். அதற்கு முன் பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டில் கையால் வரைந்திருக்க வேண்டும். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை என்ற வகைப்பாட்டைக் கொடுத்தால், செய்தியில் கேட்கும் சொல்லுக்குத் தங்கள் பாட்டிலில் எவ்வளவு என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

விடுமுறை நாட்களில்தான் கணக்கு கெடும். இரண்டு நாள் பூட்டிக் கிடந்துவிட்டுத் திறக்கும்போது பாட்டிலில் 90 மி.மீ. இருந்தால், அதை அன்றைய தேதியில் போட்டு முந்தைய இரண்டு நாளுக்குப் பூஜ்ஜியம் போட்டுவிடுவார்கள். பூஜ்ஜியம் என்றால் அளந்தோம், மழை இல்லை என்று பொருள். அளக்காத நாளின் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும், 90-க்குப் பக்கத்தில் 'மூன்று நாள் சேர்த்து' என்று எழுத வேண்டும். இந்த வேறுபாட்டுக்கு ஒரு பாடவேளை முழுவதும் செலவழித்தாலும் தகும்.