வாசலுக்கு வெளியே: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. நன்றாக நடக்கிறார், ஆனால் சமீபமாகப் பெயர்கள் மறந்துபோகின்றன. இப்போது இருப்பது பெரிய சாலையை ஒட்டிய வீடு, எந்நேரமும் சத்தம். ஊருக்கு வெளியே மரங்களும் அமைதியுமாக ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கார் இல்லாமல் எங்கும் போக முடியாது என்பது ஒன்றுதான் குறை. அவருடைய மூளைக்கு எது நல்லது?

அந்த 'ஒன்றுதான் குறை' என்பதில்தான் என் கவலை முழுவதும். அப்பா கார் ஓட்டுகிறாரா? ஓட்டினாலும் இன்னும் ஐந்து வருடம் கழித்து ஓட்டுவாரா? இல்லையென்றால், யாராவது அழைத்துப் போகும் நாளில் மட்டும்தான் அவர் வெளியே போவார், மற்ற நாளெல்லாம் ஜன்னல் வழியாக அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கும் திறனும் படிப்படியாகத் தளரும் நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நம்மால் மாற்ற முடிகிற 14 காரணங்களை அது சொல்கிறது. அத்தனையையும் சரிசெய்தால் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. உடலுக்கு அசைவு இல்லாமை, ஆள் தொடர்பு இல்லாமை, காற்று மாசு மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, மூன்றிலுமே தெருவுக்குப் பங்கு உண்டு. நடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 55 முதல் 80 வயதுவரை உள்ள 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம்வரை ஒரு வருடம் நடந்தவர்களுக்கு, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. நாற்பது நிமிடம் நடக்க அப்பாவுக்கு ஒரு நடைபாதை வேண்டும், அதைவிட முக்கியமாகப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும்.

அதற்காக இப்போதைய வீட்டிலேயே இருங்கள் என்றும் சொல்லமாட்டேன். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான பெரிய ஆய்வு, பெரிய சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் வசித்தவர்களுக்கு, 300 மீட்டருக்கு அப்பால் வசித்தவர்களைவிட டிமென்ஷியா சுமார் 7 சதவீதம் அதிகமாக வந்ததாகக் கண்டது. இந்த மாதிரி ஆய்வுகளை வைத்து இதனால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, தெம்பாக இருப்பவர்கள் நல்ல இடமாகப் பார்த்துக் குடிபோவதும் உண்டு. ஆனாலும் தூரம் கூடக் கூட அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. எனவே என் யோசனை மூன்றாவது ஒன்று: அதே பகுதியில் இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி வீடு கிடைக்குமா பாருங்கள். சத்தமும் புகையும் குறையும், தெரிந்த முகங்களும் பழகிய வழியும் அப்படியே இருக்கும். மறதி தொடங்கியிருக்கலாம் என்று சந்தேகப்படும் ஒருவருக்குப் புது ஊரின் வழிகளை முதலிலிருந்து கற்றுக்கொள்வது மிகக் கடினமான பாடம், ஏனென்றால் அதைக் கற்கவேண்டியதும் அதே ஹிப்போகேம்பஸ்தான்.

எந்த வீடானாலும் முடிவெடுக்கும் முன் அப்பாவை அங்கே கூட்டிப்போய், வாசலிலிருந்து தனியாக நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். எங்கே நின்றார், எங்கே திரும்பினார், யாரிடம் பேசினார் என்று கேளுங்கள். அப்புறம், பெயர் மறப்பது மட்டும் பெரும்பாலும் வயதின் இயல்புதான். சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டால், கணக்கு வழக்கில் குழம்பினால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: வளைந்து நெளிந்த தெருக்கள் மூளைக்குப் பயிற்சி என்கிறார் என் மகன். வயதானவர்களுக்கு நேரான, எளிமையான தெருதான் வேண்டும் என்கிறார் மருமகள். யார் சொல்வது சரி?

இருவருமே. 38 நாடுகளில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் ஒரு செல்போன் விளையாட்டின் மூலம் பங்கேற்ற ஆய்வு 2022-இல் வந்தது. கட்டம் போட்ட மாதிரி நேர்த்தெருக்கள் உள்ள நகரங்களில் வளர்ந்தவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் திறன் சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் அது வளர்ந்த காலத்தின் கதை. ஞாபகம் தளரத் தொடங்கிய பிறகு தெரு வளைந்தாலும் பரவாயில்லை, மூலைக்கு மூலை வித்தியாசமாக அடையாளம் தெரியவேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. தினமும் போகும் வழியிலேயே இரண்டு முறை தடுமாறி நின்றுவிட்டார். பயந்துபோய் வாசற்கதவைப் பூட்டி வைத்திருக்கிறோம். செய்வது சரியா?

பயம் புரிகிறது. முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்று, மூளையில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கணிக்கும் செல்கள் உள்ள பகுதி (இந்தச் செல்களைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது). பழகிய பாதையில் தடுமாறுவதை வெறும் வயதென்று தள்ளிவிடக் கூடாது.

ஆனால் பூட்டு வேண்டாம். தீப்பிடித்தால் ஆபத்து, அதோடு மிச்சமிருக்கிற நடையும் பேச்சும் போய்விடும். யாராவது ஒருவர் கூடப் போங்கள், தினமும் ஒரே நேரம், ஒரே வழி. எங்கே திரும்பவேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். வழியில் உள்ளவர்களிடம் விஷயத்தைச் சொல்லி உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள். உங்கள் வாசல் மற்ற வாசல்களைப் போலவே இருந்தால் கதவுக்கு வேறு வண்ணம் அடியுங்கள். வாசலில் கறுப்பு மிதியடி போடாதீர்கள், டிமென்ஷியா உள்ளவர்களுக்கு அது பள்ளம்போலத் தெரியலாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்திடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. வயதானவர்களுக்காக ஏதாவது செய்ய நினைக்கிறோம். பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள் வாங்கலாமா?

முதலில் பெஞ்ச் வாங்குங்கள். சாய்மானமும் கைப்பிடியும் இருக்கவேண்டும். கைப்பிடி இல்லாத பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் போகுமோ என்று தயங்குபவர்கள் உட்காரவே மாட்டார்கள். பூங்காவுக்குள் மட்டும் போடாதீர்கள், பூங்காவுக்குப் போகும் வழியிலும் நிழலாகப் பார்த்துப் போடுங்கள். பக்கத்தில் சுத்தமான கழிப்பறை ஒன்று இருந்தால் கருவிகளைவிட அதிகம் பேரை அது வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரும்.

மிச்சப் பணத்தை வைத்துக்கொண்டு சிக்னலைக் கவனியுங்கள். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பல இடங்களில் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை அளந்தபோது ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. அப்படியென்றால் 12 மீட்டர் சாலையைக் கடக்கப் பத்து நொடி கொடுத்தால், ஒரு பாட்டிக்குப் பதினைந்து நொடி தேவைப்படும். விளக்கு மாறும்போது அவர் இன்னும் நான்கு மீட்டர் தள்ளி, வண்டிகளுக்கு நடுவே நிற்பார். ஒருமுறை அப்படி நின்றவர் மறுநாள் அந்தப் பக்கம் போவாரா? சிங்கப்பூரில் 2009 முதலே, முதியோர் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால் சில நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் சிக்னலின் நேரத்தை மாற்றும் அதிகாரம் சங்கத்திடம் இருக்காது. ஆனால் ஒரு காலைப்பொழுது கடிகாரத்தோடு அங்கே நின்று, கடக்கும் முதியவர்களுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து, அந்தக் கணக்கையும் இணைத்து மனு கொடுங்கள்.