மகன் பார்த்த வீடியோவுக்கு ரூ.1.19 லட்சம் பில்: யார் கட்டுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. என் பெயரில் ஃபேமிலி பிளானில் 3 போஸ்ட்பெய்டு நம்பர்கள் இருக்கின்றன. ஒன்று எனக்கு, ஒன்று கணவருக்கு, இன்னொன்று 15 வயது மகனுக்கு. மாத பில் வரியோடு 1,179 ரூபாய். விடுமுறையில் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு 6 நாள் போய் வந்தோம். கிளம்பும் முன் ஆப்பில் மூன்று நம்பருக்கும் ரோமிங் ஆன் செய்தேன். ஆனால் ரோமிங் பேக் எங்கள் இருவருக்கு மட்டும்தான் போட்டேன், மகன் வீட்டு வைஃபையில்தானே இருக்கப் போகிறான் என்று. இப்போது 1,19,473 ரூபாய்க்கு பில் வந்திருக்கிறது. மகன் நம்பரில் 178 எம்பி டேட்டா ஓடியதாம். 10 கேபிக்கு 5 ரூபாய் 50 காசு என்று போட்டிருக்கிறார்கள். பில்லின் மூலையில் கிரெடிட் லிமிட் 4,000 என்றும் இருக்கிறது. கஸ்டமர் கேரில் “பயன்படுத்தியது நீங்கள்தான், கட்டித்தான் ஆக வேண்டும்” என்கிறார்கள். கணவரோ, “கட்டாதே, சிம்மைத் தூக்கிப் போடு” என்கிறார். எனக்கு பயமாக இருக்கிறது. வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாமா? அடுத்த ஆண்டு வீட்டுக் கடன் வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்: வளையலை எடுக்காதீர்கள். சிம்மையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டுமே அவசரத்தில் செய்கிற காரியம்.

முதலில் உங்களுக்குப் பிடிக்காத பகுதியைச் சொல்லிவிடுகிறேன். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். வீடியோ பார்த்தது மகன் என்பது நிறுவனத்துக்குத் தேவையில்லாத விஷயம். 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டம் இருக்கிறதே என்று யாராவது உங்களுக்கு ஆலோசனை சொல்லியிருப்பார்கள். அது இங்கே உதவாது, ஏனென்றால் ஒப்பந்தம் போட்டது நீங்கள். மூன்று நம்பருக்கும் ரோமிங்கைத் திறந்துவிட்டதும் நீங்கள்தான். ஃபேமிலி பிளான் என்ற பெயரைப் பார்த்து ரோமிங் பேக்கும் குடும்பத்துக்கே சேர்த்து என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பேக் பொதுவாக நம்பருக்கு நம்பர் தனித்தனி. பேக் இல்லாத நம்பரில் ஓடும் டேட்டாவுக்கு சாதாரண ரோமிங் கட்டணம்தான், அது எப்படி இருக்கும் என்பதை உங்கள் பில்லே காட்டுகிறது.

வைஃபையில்தான் இருந்தான் என்கிறீர்கள். இருந்திருப்பான், பொய் சொல்லியிருக்க மாட்டான். பல போன்களில் வைஃபை சிக்னல் பலவீனமானால் தானாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும் அம்சம் இருக்கிறது. மெட்ரோவில் போகும்போது வைஃபை இருக்காது, ஆனால் எடுத்த போட்டோக்கள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டே இருக்கும், ஆப்கள் தாங்களாகவே அப்டேட் ஆகும். 178 எம்பி என்பது பெரிய அளவே இல்லை. நம்மூரில் ஒரு பையன் காலையில் பல் தேய்ப்பதற்குள் தீர்த்துவிடுவான்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 10 கேபிக்கு 5.50 என்றால் ஒரு எம்பிக்கு 563 ரூபாய் 20 காசு. 178 எம்பிக்கு ஒரு லட்சத்து 250 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 18,045. உங்கள் மாத வாடகை 1,179-ஐ சேர்த்தால் 1,19,473-க்கு மேல் சில காசுகள். கூட்டலில் தப்பு இல்லை. அதனால் “பில் தவறு” என்று புகார் கொடுத்தால் நீங்கள் தோற்பீர்கள், கஸ்டமர் கேர் பிடித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு கேள்வி. பில்லின் மூலையில் கிரெடிட் லிமிட், அதாவது உங்கள் பயன்பாட்டுக்கு நிறுவனம் வைத்த எல்லை, 4,000 என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான். 563 ரூபாய் விகிதத்தில் 4,000 ரூபாய் என்பது சுமார் 7 எம்பி. ஏழாவது எம்பியில் தாண்டிய எல்லை அது. மீதி 171 எம்பியை ஓடவிட்டது யார்?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2005 ஜூனிலேயே நிறுவனங்களுக்கு இதுபற்றி உத்தரவு போட்டிருக்கிறது. போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு கிரெடிட் லிமிட் வைத்தால் அதை அவரிடம் சொல்ல வேண்டும், பயன்பாடு அந்த லிமிட்டில் 80 சதவீதத்தை எட்டும்போது எச்சரிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் 3,200 ரூபாயில் ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்க வேண்டும். வந்ததா? உங்கள் போன், மகன் போன், மின்னஞ்சல் மூன்றிலும் அந்த 6 நாட்களைத் தேடிப் பாருங்கள். ஸ்பேம் பெட்டியையும் விடாதீர்கள். வந்திருந்தும் நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் உங்கள் கட்சி பலவீனமாகும், அதை மறைக்க மாட்டேன். வரவில்லை என்றால், அல்லது ஒரு லட்சம் ஓடி முடிந்த பிறகு வந்திருந்தால், பேச்சே வேறு.

இதற்கு நிறுவனம் ஒரு பதில் வைத்திருக்கும்: “வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து கணக்கு தாமதமாக வரும் சார், எங்களுக்கு உடனே தெரியாது.” வாய்ஸ் காலுக்கு இதில் கொஞ்சம் உண்மை உண்டு, முன்பு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மோசடியைப் பிடிப்பதற்காக 4 மணி நேரத்துக்குள் விவரம் அனுப்பும் முறையை மொபைல் நிறுவனங்களின் உலக சங்கமான ஜிஎஸ்எம்ஏ பல ஆண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்துவிட்டது. டேட்டா விஷயத்தில் இந்தச் சாக்கு அந்த அளவுக்குக்கூட எடுபடாது. ரோமிங்கில் இருக்கும் போனின் டேட்டா பெரும்பாலும் சொந்த ஊர் நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாகத்தான் இணையத்துக்குப் போய் வருகிறது. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நம்மூர் சிம்மில் இணையத்தைத் திறந்தால், பல தளங்கள் நீங்கள் இந்தியாவில் இருப்பதாகவே நினைத்துக்கொள்வது இதனால்தான். தன் வாசல் வழியாகப் போன சரக்கைத் தனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? ப்ரீபெய்டு சிம்மில் காசு தீர்ந்த நொடியில் கறாராக நிறுத்தத் தெரிகிறவர்களுக்கு போஸ்ட்பெய்டில் மட்டும் எப்படிக் கை வராமல் போகிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலை முதல், வாடிக்கையாளர் வேறு எல்லை கேட்காவிட்டால், ரோமிங் டேட்டா 50 யூரோவில் தானாக நின்றுவிட வேண்டும் என்று விதி செய்தார்கள். தொழில்நுட்பம் அப்போதே இருந்தது.

ஆக, பயன்படுத்திய பொறுப்பு உங்களுடையது. எல்லை வைத்துவிட்டு அந்த எல்லையைக் காவல் காக்காத பொறுப்பு அவர்களுடையது. என் அபிப்பிராயத்தில் இந்த பில்லில் பெரிய பங்கு இரண்டாவது வகை.

இனி செய்ய வேண்டியது. கெடு தேதிக்கு முன் தகராறு இல்லாத 1,179 ரூபாயைக் கட்டிவிடுங்கள். ஆப்பில் தொகையை மாற்றிக் கட்ட வசதி இருக்கும், இல்லையென்றால் கடையில் போய்க் கட்டி ரசீது வாங்குங்கள். அதே நாளில் 198-க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். சும்மா “பார்க்கிறோம் மேடம்” என்பதற்கு நாளைக்கு மதிப்பு இருக்காது. அப்புறம் அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், நீளம் வேண்டாம். கிரெடிட் லிமிட் 4,000 என்பது, 80 சதவீத எச்சரிக்கை வரவில்லை என்பது, நாள், மணி வாரியான டேட்டா விவரத்தைக் கொடுங்கள் என்பது, தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் போன்ற கிரெடிட் நிறுவனங்களுக்கு பாக்கி என்று அனுப்பக் கூடாது என்பது. நான்கும் நான்கு வரி.

ஆட்டோ பே போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கார்டு, யுபிஐ மூலம் போட்ட பொதுவான ஆட்டோ பேயில் 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஓடிபி கேட்கும். அந்த ஓடிபியைக் கொடுத்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கும்படி மாண்டேட் கொடுத்திருந்தால் அதன் உச்சவரம்பை இன்றே பாருங்கள், தேவைப்பட்டால் நிறுத்துங்கள். பணம் ஒருமுறை அவர்கள் கைக்குப் போய்விட்டால் திரும்ப வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. நகையை வைத்துக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் அதே காரணம்தான், வட்டி வேறு தனி.

புகாருக்குத் திருப்தியான பதில் வரவில்லையா? ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும். இது ட்ராயின் 2012 விதி. 30 நாளுக்குள் அவரிடம் முறையிடலாம், கட்டணம் கிடையாது, அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ட்ராய்க்கே நேராக எழுதுகிறேன் என்று பலர் கிளம்புகிறார்கள். தனிப்பட்ட புகார்களை ட்ராய் விசாரிப்பதில்லை, நேரம்தான் போகும். நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். சில நேரம் அங்கிருந்து ஒரு தட்டு தட்டினாலே நிறுவனம் பேச வந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி பில் தகராறுகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கக் கூடாது என்று 2009-ல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் பல ஆண்டுகள் தப்பித்துக்கொண்டிருந்தன. அந்தக் கதவு 2022 பிப்ரவரியில் திறந்தது. அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவர், சராசரியாக மாதம் 555 ரூபாய் கட்டி வந்தவர். 2013 நவம்பர், டிசம்பர் காலத்துக்கு அவருக்கு 24,609 ரூபாய் 51 காசுக்கு பில் வந்தது. அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். உனக்கு விசாரிக்க அதிகாரமே இல்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, தனியார் நிறுவனத் தொலைபேசிச் சேவையும் சேவைதான், வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று சொல்லிவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: பில் தப்பு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை, போகலாம் என்றுதான் சொன்னது. 24 ஆயிரம் ரூபாய்க்கு எங்கே வழக்கு போடலாம் என்று தெரிந்துகொள்ளவே 8 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது, பாவம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தொலைத்தொடர்பு என்ற சொல்லே நேரடியாக வந்துவிட்டதால் உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. திருச்சியிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. நான் பார்த்தவரை, எழுத்தில் கிரெடிட் லிமிட்டைப் பற்றிக் கேட்டதும் நிறுவனத்தின் குரல் மாறும். “பேக் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதை மட்டும் கட்டுங்கள்” என்றோ, பாதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்றோ வருவார்கள். பாதி என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது 59 ஆயிரம். பேக் விலை, அல்லது அதிகபட்சம் அந்த 4,000 ரூபாயைச் சுற்றி ஒரு தொகை என்றால் முடித்துவிடுங்கள். வெற்றி பெறுவதற்காக இரண்டு ஆண்டு அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் முடிக்கும்போது “பாக்கி ஏதும் இல்லை” என்ற கடிதம் வாங்க வேண்டும்.

இது உங்கள் வீட்டுக் கடனுக்காக. போஸ்ட்பெய்டு பில் பாக்கியும் சிபில் அறிக்கையில் வரும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. கணவர் சொன்னபடி சிம்மைத் தூக்கிப் போட்டால், ஒரு நாள் வங்கி மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டி “இது என்ன மேடம், 1 லட்சத்து 18 ஆயிரம்?” என்று கேட்பார். “செட்டில்ட்” (குறைத்துக் கட்டி முடித்தது) என்று பதிவானாலும் வங்கிகளுக்கு அது கரும்புள்ளிதான். “குளோஸ்டு” (பாக்கியின்றி முடிந்தது) என்று வர வேண்டும் என்று ஒப்பந்த மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்குங்கள். தவறாகப் பதிந்திருந்தால் கிரெடிட் நிறுவனத்திடம் ஆட்சேபம் எழுப்பலாம். 30 நாளுக்குள் சரி செய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலில் இருந்து அமலில் இருக்கிறது. இன்னொரு சங்கதி: வங்கி ஓடிபி வருகிற நம்பர் துண்டிக்கப்பட்டால், குறைந்தது 90 நாள் கழித்து அது வேறு யாருக்காவது போய்விடலாம்.

வெளிநாடு போனால்தான் இந்த வம்பு என்றும் நினைக்க வேண்டாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால், கடலுக்கு அந்தப் பக்கம் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலங்கையின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு, “இலங்கைக்கு வரவேற்கிறோம்” என்று போனில் எஸ்எம்எஸ் வரும். பலர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். ரோமிங் ஆன் செய்துவிட்டு மறந்த போஸ்ட்பெய்டு நம்பர் என்றால் அந்த ஸ்டேட்டஸுக்கும் பில் வரலாம். நீங்கள் ஆன் செய்த மூன்று நம்பரிலும் ரோமிங் இன்னும் திறந்தே இருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் மூடிவிடுங்கள்.

மகன் நம்பரை ப்ரீபெய்டாக மாற்றிவிடுவது நல்லது. ஓடிபி மூலமே மாற்றலாம், ஆனால் பாக்கி இருக்கும்வரை விடமாட்டார்கள், அதனால் இந்தத் தகராறு முடிந்த பிறகு. அதுவரை அந்த போனின் செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை நீங்களே அணைத்து வையுங்கள். பையனைத் திட்டாதீர்கள், பேக் போடாதது அவனில்லை.